கறுப்பாகத் தெரிவது நீர்

குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பெற்ற மனசுக்குத் தெரியாதா என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். மனசுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் துணி மாற்றும்போது கழுத்தடி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்த்தாள். ஏறியிருந்தது. அவ்வளவுதான்.

“போர்வையை இந்தச் சுத்து சுத்தியிருக்கே, பச்சைப் புள்ள கொதிக்காம என்ன செய்யும்?” என்றாள் நாத்தனார். பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த கணவனின் அக்கா அவள். மூன்று பெற்று வளர்த்தவள் என்பதால் எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

“இருக்கலாம் அண்ணி” என்று போர்வையைப் பிரித்தாள். குழந்தையைக் காற்றாடக் கிடத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். சூடு இறங்கவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது என்று சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பியிருந்தார்கள். அவள் பையை எடுத்தாள், மாற்றுத் துணிகளை அடுக்கினாள், வேலைக்குப் போயிருந்த கணவனுக்குப் போன் செய்தாள். கை ஓரிடத்திலும் நடுங்கவில்லை.

நடுங்காததை அவளே கவனித்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோல.

பிரசவத்தின்போது வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். உள்ளே யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல இழுப்பும் அழுத்தமும் தெரிந்தன, வலி தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் கால்கள் திரும்பி வந்துவிட்டன. மற்றது எதுவும் வரவில்லை. குழந்தையை மார்பில் வைத்தார்கள், கனம் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் “அப்படியே அப்பன் ஜாடை” என்றபோது சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். நேரத்துக்குப் பால் கொடுத்தாள், ஏப்பம் வரத் தட்டினாள், நகம் வெட்டினாள். ஒரு குறை சொல்ல முடியாது. யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. வலிக்கிறது என்றால் சொல்லலாம். வலிக்கவில்லை என்பதை எப்படிப் புகாராகச் சொல்வது?

மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை, சுவரில் யாரோ வரைந்த யானைக்கு ஒரு கண் மட்டும் உரிந்துபோயிருந்தது. சின்ன டாக்டர் வந்தார். தாடி இன்னும் சரியாகப் பிடிக்காத முகம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், சட்டைப் பையில் நாலைந்து பேனா. குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், சிறுநீர் எடுத்தார். பிறகு இவர்களை ஓரமாக அழைத்தார்.

“மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு நீர் இருக்கும்மா. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, கிருமி அங்க போயிருக்கான்னு பாக்கணும். வெளியில இருந்து பாத்துச் சொல்ல முடியாது. முதுகுல ஊசி போட்டு அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துத்தான் பாக்கணும்.”

“முதுகெலும்புலயா?” நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். “கை கால் விளங்காமப் போயிட்டா?”

“தண்டுவடம் முடியற இடத்துக்குக் கீழதான் போடுவோம். அங்க நரம்புங்க தனித்தனி இழையா மிதந்துட்டிருக்கும். ஊசி போனா விலகிக்கும்.”

கணவன் கையெழுத்துப் போட்டான். பேருந்துகளுக்கு நேர அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை அவனுக்கு. எந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பேனாவை வாங்கியவன் தேதியை மறந்துபோய் அவளைப் பார்த்தான். அவள் சொன்னாள்.

ஊசி போடும் அறை சின்னது. உயரமான மேசை, மேலே வளைந்த விளக்கு. பெற்றவர்கள் விரும்பினால் கூட இருக்கலாம் என்றார்கள். செவிலி ஒருத்தி குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தையும் முழங்காலையும் சேர்த்து அணைத்துச் சுருட்டிப் பிடித்தாள். பெரிய உடம்புக்காரி. அவளுடைய கைக்குள் குழந்தை ஒரு ரொட்டி அளவுக்கு இருந்தது. மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவி ஏற்கெனவே காத்திருந்தாயிற்று. சின்ன டாக்டர் விரலால் இடுப்பெலும்பைத் தடவி, அங்கிருந்து நேராக முதுகுக்கு வந்து, இரண்டு முள்ளெலும்புக்கு நடுவில் இடம் பார்த்தார்.

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. குழந்தை வீறிட்டது. அவர் ஊசியை எடுத்துவிட்டு, நெற்றியைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி இடம் பார்த்தார். இரண்டாம் தடவை வந்தது, சிவப்பாக. சொட்டுச் சொட்டாக ரத்தம்.

கணவன் “ஒரு நிமிஷம்” என்றான். அதற்குள் சுவரோடு சரிந்துவிட்டான். செவிலி குழந்தையை விடாமல் கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். “யாராவது வாங்க, இங்க அப்பா படுத்துட்டாரு!” இரண்டு பேர் வந்து அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காலியாக இருந்த கட்டிலில் கிடத்தி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொடுத்தார்கள். வந்தது ஒரு நோயாளி, ஆனது ரெண்டு என்று வெளியே யாரோ சொல்ல, நாத்தனார் அழுதபடியே அதற்குச் சிரித்தது உள்ளே கேட்டது.

“சாரிம்மா” என்றார் சின்ன டாக்டர். அவர் காது சிவந்திருந்தது. “ரத்தம் கலந்துட்டா சரியாச் சொல்ல முடியாது. மருந்தை இப்பவே ஆரம்பிச்சுடறேன், அதுக்குக் காத்திருக்க வேணாம். கொஞ்சம் ஆசுவாசப்படுத்திட்டு, பெரிய டாக்டரைக் கூப்பிடறேன்.”

“சரி டாக்டர்” என்றாள். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அது தோன்றியதோடு சரி.

மதியம் தாண்டிப் பெரிய டாக்டர் வந்தார். குள்ளமான பெண்மணி, முழங்கைவரை சுருட்டிய சட்டை. சக்கரம் வைத்த ஒரு கருவியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, அவர் அதை ஒரு உதை உதைத்தார்.

“ரெண்டு தடவை குத்தியாச்சு. இனிமே தடவிப் பாத்துக் குத்த வேணாம். உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டே குத்தலாம்” என்றார். சின்ன டாக்டரைத் திட்டவில்லை. “குழந்தைங்க முதுகு விலாங்கு மீன் மாதிரி, எங்க பிடிச்சாலும் நழுவும். எனக்கும் போன வாரம் வரல.”

அவர் ஒரு குழாயைப் பிதுக்கிக் குழந்தையின் முதுகில் பசையைத் தடவினார். சிறு கட்டைபோல இருந்த கருவிமுனையை அதில் வைத்தார்.

அவளுக்கு அந்தக் கை அசைவு தெரியும். வருஷக்கணக்காக அவள் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். கொதிகலன் செய்யும் பட்டறையில் பற்றவைத்த குழாய்களைச் சோதிப்பவள் அவள். இரும்பில் பசையைத் தடவி, முனையை வைத்து நகர்த்தி, உள்ளே அனுப்பிய ஒலி எங்கே முட்டித் திரும்புகிறது என்று திரையில் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத பிளவு அதில் தெரிந்துவிடும். எத்தனை அழகாகப் பற்றவைத்திருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு “வெட்டிட்டு மறுபடி போடுங்க” என்று போய்விடுவாள். பற்றவைப்பவர்கள் அவளுக்கு ‘விரிசல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “விரிசல் வருது, டீயைக் கீழ வை” என்பார்கள், அவள் காதில் விழும்படியாகவே. அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

“நீங்க வெளிய இருக்கறதுன்னா இருங்க. தப்பே இல்ல” என்றார் பெரிய டாக்டர்.

“இல்ல டாக்டர். நானும் இந்த வேலைதான். இரும்புல.”

“இரும்புலயா?”

“வெல்டிங் சோதனை. குழாய்ல.”

பெரிய டாக்டர் கருவிமுனையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பி அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். “அப்ப இந்தப் பக்கம் வாங்க. திரை நல்லாத் தெரியும்.”

அவள் போய் நின்றாள். இரும்பைச் சோதிக்கும்போது திரையில் கோடுகள் எகிறி எகிறி விழும். இங்கே சாம்பல் நிறத்தில் படமே தெரிந்தது, மழை நாளில் பார்த்த சாலைபோல. ஒன்றும் புரியவில்லை. டாக்டர் விரலை வைத்துக் காட்டினார்.

“பெரியவங்களுக்கு இப்படிப் பாக்க முடியாது. எலும்பு மறைச்சிடும். இவனுக்கு முதுகெலும்பு இன்னும் முழுசா இறுகல, பாதி குருத்தெலும்புதான். ஒலி உள்ள போயிட்டு வரும். இதோ தண்டுவடம், கூம்பா முடியுது பாருங்க. அதுக்குக் கீழ கறுப்பாத் தெரியுதே, அதுதான் நீர். நமக்கு வேண்டியது அது.”

“கீழ வெள்ளையா, கலங்கலா இருக்கே?”

“அதான் காலையில குத்துன இடம். ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. மறுபடி அங்கயே போட்டிருந்தா மறுபடி ரத்தம்தான் வந்திருக்கும்.” சின்ன டாக்டர் எட்டிப் பார்த்தார். “ஒரு படி மேல போறோம். அப்பவும் தண்டுவடத்துக்குக் கீழதான். ஆழம் பாருங்க, ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல. இவ்வளவுதான் விஷயம்.”

பட்டறையில் அவள் தேடுவது கோளாறை. திரையில் ஒன்றும் வராமல் இருந்தால் நல்ல இணைப்பு என்று அர்த்தம். நாள் முழுக்க ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு வருவாள். இங்கே கறுப்புக்குள் மெல்லிய இழைகள் தெரிந்தன. அவை அசைந்துகொண்டிருந்தன. முனையை டாக்டர் அசைக்கிறாரோ என்று அவர் கையைப் பார்த்தாள். கை கல்போல நின்றிருந்தது.

“அது என்ன ஆடுது?”

“நரம்பு இழைங்க. மூச்சு விடறான்ல, நாடி துடிக்குதுல, அதுக்குத் தக்கபடி ஆடும்.”

இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த திரையில் எதுவும் தானாக அசைந்ததே இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது வரும் என்று உள்ளுக்குள் காத்திருந்தாள், அழுகையோ, தொண்டை அடைப்போ, படங்களில் வருவதுபோல ஏதோ ஒன்று. வரவில்லை. கால் கடுத்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டர் தோலில் பேனாவால் ஒரு சிலுவைக் குறி போட்டார். “சிஸ்டர், இதே மாதிரி பிடிச்சுக்கணும். உடம்பு திரும்பினா குறி வேற இடத்துக்குப் போயிடும்.”

“எங்கயும் போக விடமாட்டேன்” என்றாள் செவிலி. “ரொம்ப மடக்கல, மூச்சு நல்லா வருது.”

தாயின் கையில் சர்க்கரை நீரில் தோய்த்த சூப்பானைக் கொடுத்தார்கள். அவள் அதைக் குழந்தையின் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் பசையைத் துடைத்து, மருந்து போட்டுச் சுத்தம் செய்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

“நீயே போடு” என்றார் சின்ன டாக்டரிடம்.

“நானா மேடம்?”

“இடமும் தெரியும், ஆழமும் தெரியும். அப்புறம் என்ன?”

அவர் போட்டார். குழந்தையின் வாய் ஒரு கணம் சூப்பானை விட்டுவிட்டுத் திறந்தது, சத்தம் வரவில்லை, மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊசிக்குள் இருந்த கம்பியை உருவினார். ஊசியின் வெளிமுனையில் ஒரு துளி திரண்டது. கண்ணாடிபோல் தெளிந்த துளி. தன் கனத்தில் அது குப்பிக்குள் விழுந்தது, பின்னால் அடுத்தது.

“தண்ணி மாதிரி இருக்கு” என்றார் சின்ன டாக்டர், தனக்குத்தானே.

முடிந்ததும் அவர் அவளிடம் திரும்பி நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

பெரிய டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டே பேசினார். “ரொம்பத் தைரியமா இருந்தீங்க. இந்த அறையில முக்கால்வாசிப் பேர் அழுதுடுவாங்க.”

‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை நாளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தன்னிடம் ஒரு திரையைக் காட்டி விளக்கம் சொன்னவரிடம் பொய்யான முடிவைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொழில் பழக்கம்.

“தைரியம் இல்ல டாக்டர். எனக்கு ஒண்ணும் தோணல.”

“பயமா இருந்தா சிலருக்கு அப்படி…”

“இன்னிக்கு மட்டும் இல்ல. இவன் பொறந்ததுல இருந்தே. எல்லாம் செய்யறேன். பால் கொடுக்கறேன், குளிப்பாட்டறேன். யாரோட குழந்தையையோ பத்திரமாப் பாத்துக்கற மாதிரி இருக்கு. எப்ப வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு இருக்கு.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நிறுத்தினார். செவிலியிடம் கண் காட்ட, அவள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நேராவே கேக்கறேன். குழந்தைக்கு ஏதாவது பண்ணிடணும்னு தோணியிருக்கா?”

“இல்ல.”

“உங்களுக்கு?”

அவள் யோசித்தாள். “பண்ணணும்னு இல்ல. நான் இல்லாட்டியும் எல்லாம் நடக்குமேன்னு தோணும். அண்ணி இருக்காங்க, அவர் இருக்காரு. நான் இல்லாட்டி வீட்டுல ஒரு இடம் காலியாகும், துணி காயப்போடலாம்.”

சொல்லி முடித்ததும் அது வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“இதுவும் காய்ச்சல் மாதிரிதான்” என்றார். “வெளியில இருந்து பாத்தாத் தெரியல. நீங்க சொன்னீங்க, நல்லதாப் போச்சு. இதுக்குன்னு இங்க ஒரு டாக்டர் இருக்காங்க, நான் இப்பவே கூப்பிடறேன். அவங்க வர்ற வரைக்கும் உங்களைத் தனியா விடப் போறதில்ல. வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

வெளியே விஷயம் தெரிந்ததும் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். “மனசு டாக்டரா? எதுக்கு? உடம்பு அசதி, ரத்தம் கம்மி, ரெண்டு வேளை நல்லாச் சாப்பிட்டாச் சரியாப் போயிடும். நான் மூணு பெத்தேன், எனக்கென்ன டாக்டரா வந்தாங்க? நாலு பேருக்குத் தெரிஞ்சா…”

“அக்கா, போதும்.”

கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கணவன் சொன்னான். டீ சிந்திய சட்டை, இன்னும் வெளிறிய முகம். அந்தக் குரலை அவன் அக்காவிடம் அதற்கு முன் எடுத்ததில்லை. அவன் மனைவியைப் பார்த்தான்.

“நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். நீ எல்லாத்தையும் கரெக்டாப் பண்றியேன்னு… எனக்குத்தான் ஒண்ணும் தெரியல, உனக்கு எல்லாம் வருதுன்னு.”

“பரவால்லங்க” என்றாள். உண்மையிலேயே அவளுக்குப் பரவாயில்லாமல்தான் இருந்தது. எல்லாமே பரவாயில்லை என்பதுதானே வியாதி.

நீரில் ஆபத்தான கிருமி இல்லை என்று வந்தது. கொஞ்சம் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. ஏதோ ஒரு சாதாரண வைரஸ் என்று சோதனை சொன்னது, பெரியவர்களுக்கு வந்தால் மூக்கொழுகலோடு போய்விடுவது. நீர் தெளிவாகக் கிடைக்காமல் போயிருந்தால் சந்தேகத்துக்காகவே வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டி வந்திருக்கும் என்று சின்ன டாக்டர் விளக்கினார். இரண்டு நாள் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தினார்கள். குழந்தை அலறிக் கேட்டுப் பால் குடித்தது.

மூக்கொழுகல் என்றதும் நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். “போன வாரம் எனக்கு ஜலதோஷம் இருந்துச்சே. முகத்தோட முகம் வெச்சுக் கொஞ்சினேனே.” ராத்திரிப் பால் வேளைகளில் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதும் திருப்பி வாங்கித் தோளில் போட்டுத் தட்டுவதும் அவளே பார்த்துக்கொண்டாள், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தம்பி மனைவிக்குத் தெரிந்தது. “வேணும்னேவா செஞ்சீங்க அண்ணி? விடுங்க” என்றாள். வார்த்தை சரியாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது நாத்தனாருக்குத் தெரியாது, அவள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரைதான் என்றார், உடனே எதுவும் மாறாது, வாரங்கள் ஆகும் என்றார். அவள் விழுங்கினாள். வாரங்கள் ஆயின. நாத்தனார் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டாள். கணவன் மதியத்தோடு வீட்டுக்கு வர அலுவலகத்தில் கேட்டு வாங்கினான். அவள் தூங்கினாள், எழுந்தாள், பால் கொடுத்தாள். தூக்கம் கொஞ்சம் ஆழமாக வந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தடுப்பூசி போடும் நாள் வந்தது. தெருக்கோடியில் இருந்த சுகாதார நிலையத்தில் நீள வரிசை. இவர்கள் முறை வந்தபோது, ஊசி போடும் பெண் பக்கத்து மேசைக்காரியோடு வாடகை வீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வரத்து எப்படி, முன்பணம் எவ்வளவு என்று கேட்டபடியே குழந்தையின் தொடையைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே ஊசியை இறக்கினாள்.

“எங்க பாத்துக் குத்தறீங்க?”

யார் கத்தியது என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. வரிசை மொத்தமும் திரும்பியது.

“நான் கேக்கறேன், எங்க பாத்துக் குத்தறீங்க? குழந்தையைப் பாத்து ஊசி போடத் தெரியாதா? அவன் என்ன மெத்தையா? அவனுக்கு இதுவரைக்கும் பட்டது போதாதா?”

“தொடையிலதானம்மா போட்டேன், எதுக்குக் கத்தறீங்க…”

“கத்துவேன்! பேச்சை முடிச்சுட்டுப் போடுங்க, இல்ல போட்டுட்டுப் பேசுங்க!”

காது ஜிவ்வென்றது. முகமெல்லாம் சூடு. நாத்தனார் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள், பிறகு ஏனோ விட்டுவிட்டு, “அவ கேக்கறது நியாயம்தானே?” என்று தானும் சேர்ந்துகொண்டாள்.

வெளியே கணவன் வண்டியருகே நின்றிருந்தான். அவள் குழந்தையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி வந்தாள். கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

“என்னாச்சு?” அவன் பதறினான்.

“கோபம் வந்துச்சு.”

அவன் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தான். “நல்லா வந்துச்சா?”

“நல்லா வந்துச்சு.”

சாயங்காலத்துக்குள் கோபம் வடிந்துபோய்ப் பழையபடி எல்லாம் சாம்பலாகிவிட்டது. அவள் துணிகளை மடித்தாள், குழந்தையின் தொடையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தாள், லேசாக வீங்கியிருந்தது. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் வைத்தாள். நாளை மனநல டாக்டரிடம் போகிற நாள். கோபம் வந்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.